ஒவ்வொரு ஞாயிறும், பூசை முடிந்ததும்

1

எங்கள் முதலாவது கலியாண நாளன்று நோர்வே அரசாங்கம் எனக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. என் கணவர் என் கணவராக இருக்க முடியாதாம். அவர் எனக்கு மாமன் மகனோ, சித்தப்பா மகனோ, ஏதோ ஒன்றாம். அந்த உறவுக்குள் கலியாணம் கூடாது என்று இந்த நாட்டில் இப்போது சட்டம் இருக்கிறது. ஆகையால் அவரை இங்கே கூப்பிடுவதற்கு நான் கொடுத்த விண்ணப்பத்தை மறுக்க யோசித்திருக்கிறார்களாம். மறுப்பதற்கு முன் என் கருத்தைச் சொல்ல மூன்று கிழமை தருகிறார்களாம். இவர்கள் அப்படித்தான். அடிப்பதற்கு முன் எந்தக் கன்னம் வசதி என்று மரியாதையாக எழுதிக் கேட்பார்கள்.

கடிதம் வந்தபோது நான் வேலையில் நின்றேன். ஒஸ்லோவில் முதியோர் இல்லம் ஒன்றில் எனக்கு வேலை. தொண்ணூறு வயது மனுசி ஒருத்திக்கு ஒரு காலுக்குக் காலுறை போட்டுவிட்டு நிமிர, கைத்தொலைபேசியில் அரசாங்கத் தபால் வந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் ஆட்கள் செய்கிற வேலையை அப்படியே விட்டுவிடுவார்கள். எடுத்து வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன். மனுசி என் முகத்தைப் பார்த்துவிட்டு, யாராவது செத்துப்போனார்களா என்று கேட்டாள். இல்லை, எனக்குப் புதிதாக ஒரு சொந்தக்காரர் பிறந்திருக்கிறார் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. மற்றக் காலுறையை எடுத்தேன்.

என் பெயர் றீற்றா. யாழ்ப்பாணத்து நாரந்தனையில் பிறந்து, பத்தொன்பது வயதில் இங்கே வந்து, இப்போது நாற்பத்தேழு. நிலக்கீழ் ரயிலின் ஐந்தாம் பாதை முடிகிற வெஸ்ட்லியில், ஆறாம் மாடியில் இருக்கிறேன். ஊரிலிருந்து இதை வாசிக்கிற நீங்கள், கடிதம்தானே, ஒரு பதிலைப் போட்டால் போச்சு என்று நினைப்பீர்கள். என் கணவர் அன்ரன் ஏற்கெனவே ஒருமுறை இங்கே அகதி அந்தஸ்துக் கேட்டு, மறுக்கப்பட்டு, திரும்பிப் போனவர். அவருடைய கோப்பில் ஒரு ‘இல்லை’ இருக்கிறது. இரண்டாவது ‘இல்லை’யும் விழுந்தால் அந்தக் கோப்பை மூன்றாம் தரம் திறக்க ஒருவரும் கை நீட்டமாட்டார்கள். அவருக்கு நாற்பத்தொன்பது வயது. வாட்ஸ்அப்பில் கிழவன் கிழவியாவதற்கு எனக்கு விருப்பமில்லை.

கடிதத்தில் காரணமும் எழுதியிருந்தார்கள். அன்ரன் தன்னுடைய அகதி நேர்காணலில், றீற்றா தனக்கு அந்த முறையான சொந்தம் என்று தானே ஒத்துக்கொண்டிருக்கிறார். இப்போது மனைவி என்கிறீர்கள். இரண்டில் எது பொய் என்று விளக்கவும்.

2

என் மூத்த சகோதரி பிலோ அக்கா ஊரில் ஜோர்ஜ் அத்தானைக் கட்டியவ. ஜோர்ஜ் அத்தானின் தம்பிதான் அன்ரன். அதாவது அக்காவின் புருசனுடைய தம்பி. எங்கள் பக்கத்தில் அவருக்கு நான் மச்சாள், எனக்கு அவர் மச்சான். மாமன் மகளும் மச்சாள்தான், அண்ணனின் மனைவியும் மச்சாள்தான், அவவின் தங்கச்சியும் மச்சாள்தான். எங்களுக்குள் இரத்த உறவு ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. இதை நாரந்தனையில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளையும் சொல்லும். பல்கலைக்கழகம் போனவர்கள் இருக்கிற அரசாங்கக் கந்தோரில்தான் விளங்கவில்லை.

அன்ரன் இங்கே வந்து அகதிகள் தங்குமிடத்தில் இருந்த காலத்தில் அக்கா தொலைபேசியில் எனக்குக் கட்டளை போட்டா.

"ஞாயிறு பூசைக்கு வருவான். கூட்டிக்கொண்டு போய் ஒரு நேரம் சோறு குடு. பாவம், பாணைத் திண்டு திண்டு மெலிஞ்சு போனான்."

நான் அப்போது தனியாக இருந்தேன். மகள் ஜெனி பல்கலைக்கழகம் போகிறேன் என்று நகரத்துக்குள் சிநேகிதிகளுடன் அறை எடுத்துப் போய்விட்டாள். அவளுடைய தகப்பன் அதற்கு முன்னமே போய்விட்டார். அந்த மனுசன் என்னோடு பதின்மூன்று வருடம் குடும்பம் நடத்தினதில் சமையல் நடக்கிற குசினி வாசலுக்கு வந்தது இரண்டே இரண்டு தரம். ஒன்று, தண்ணீர்ப் போத்தல் எங்கே என்று கேட்க. மற்றது, தான் போகிறேன் என்று சொல்ல. கோயிலில் கட்டாத பதிவுக் கலியாணம்தானே, விவாகரத்தும் லேசாக முடிந்தது; இப்போது பக்கத்து நகரமான திராமனில் இருக்கிறார். சுகமாயிருக்கட்டும்.

அன்ரன் முதல் ஞாயிறு வந்து, சாப்பிட்டு, கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனார். கழுவுகிற சத்தம் கேட்டது. சரி, தன் கோப்பையைக் கழுவுகிறார், மரியாதை தெரிந்த மனுசன் என்று இருந்தேன். சத்தம் நிற்கவில்லை. போய்ப் பார்த்தால், முதல்நாள் நான் அடிப்பிடிக்கவிட்டு ஊறப்போட்ட சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"விடுங்கோ மச்சான், நான் பாக்கிறன்."

"நீர் போய் இரும். கிழமை முழுக்க மற்றவையளைக் குளிப்பாட்டுறீர்."

நாற்பது வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்திருக்கிறேன். அப்படி ஒரு வசனத்தை ஒரு ஆம்பிளையும் எனக்குச் சொன்னதில்லை. வெளியே வந்து இருந்து டிவியைப் போட்டேன். என்ன ஓடினது என்று இன்றைக்கும் தெரியாது.

அடுத்த ஞாயிறு அவர் கணவாய் கொண்டு வந்தார். அதற்கடுத்த ஞாயிறு புட்டு அவித்தார். பிறகு எந்தப் பேணியில் மிளகாய்த்தூள், எந்த இழுப்பு லாச்சியில் தேங்காய் துருவலை, எந்த அடுப்பு மெதுவாகச் சூடேறும் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்தது. மூன்றாவது லாச்சியின் பிடி கழன்று கழன்று விழும். "அடுத்த ஞாயிறு பூட்டித் தாறன்" என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்லுவார். பூட்டவேயில்லை. அது ஒன்றுதான் அந்த மனுசனில் நான் கண்ட பிழை.

ஒருநாள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேங்காய் துருவியபடியே கேட்டார்.

"மச்சாள், நீர் தனியத்தானே இருக்கிறீர்."

"அதுக்கு?"

"இல்லை, சும்மா கேட்டனான்."

ஒரு கிழமை போனது. அடுத்த ஞாயிறு அதே இடத்தில், அதே துருவலையோடு நின்றுகொண்டு, "போன கிழமை அதுக்கு எண்டு கேட்டீரல்லோ" என்று தொடங்கினார். மிச்சத்தை நான் எழுதத் தேவையில்லை. கலியாணம் அந்தக் குசினியில்தான் முற்றானது.

3

அவர் அகதி அந்தஸ்துக் கேட்ட காரணத்தை இங்கே எழுதப்போவதில்லை. பத்தொன்பது பக்கத்தில் எழுதிக் கொடுத்ததையே அவர்கள் நம்பவில்லை. நாடு இப்போது அமைதியாக இருக்கிறது, திரும்பிப் போகலாம் என்று முடிவு வந்தது. மேன்முறையீட்டிலும் அதே முடிவு. அன்றைக்கு அவர் குசினியில் கொட் மீனை வெட்டிக்கொண்டு நின்று, "உந்த மீனிலை ஒரு ருசியும் இல்லை. ஆனா உதை ஒருத்தரும் திருப்பி அனுப்பேல்லை" என்றார். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

திருப்பி அனுப்புவதற்கு இங்கே ஒரு அழகான பெயர் இருக்கிறது. விருப்பத்துடன் திரும்புதல். விருப்பமாம். ஒரு நாளைக் குறித்து, அதற்குள் போகாவிட்டால் பொலிஸ் வந்து கூட்டிப்போகும் என்று எழுதி, கீழே விருப்பம் என்று ஒப்பம் வைக்கச் சொன்னார்கள். அன்ரன் வைத்தார். இங்கேயே கட்டுவோம் என்றால், விசா இல்லாத ஆளுக்குக் கலியாணம் செய்யவும் உரிமை இல்லை. ஆகவே அவர் விருப்பத்துடன் போனார். மூன்று மாதம் கழித்து நான் லீவு எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

நாரந்தனைக் கோயிலில் எங்களுக்கு முறைப்படி மூன்று ஓலை வாசித்தார்கள். மற்றச் சமயத்தவர்களுக்காகச் சொல்லுகிறேன்: கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் சுவாமி, அதாவது பாதிரியார், மாப்பிள்ளை பொம்பிளையின் பெயரை வாசித்து, இவர்களுக்குள் இரத்த உறவோ வேறு தடையோ இருப்பது தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்று கேட்பார். எங்கள் ஊர்ச் சனம் யார் வீட்டு ஆடு யார் வேலியால் போனது என்பதையே மூன்று தலைமுறைக்கு ஞாபகம் வைத்திருக்கிற சனம். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. திறக்க ஒன்றும் இருக்கவில்லை.

வாயைத் திறந்தது ஒஸ்லோச் சனம்தான். நான் தாலியோடு திரும்பி வந்த முதல் ஞாயிறு, பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் ஸ்ரெல்லா அக்கா கேட்டா.

"றீற்றா, கோவியாதையும். இது உண்மைக் கலியாணமோ, கடதாசிக் கலியாணமோ?"

"உங்கட கலியாணத்துக்குக் கடதாசி இல்லையோ அக்கா?"

"அதில்லையடி, விசாவுக்கெண்டு சனம் என்னவும் செய்யுதுகள். அதுதான் கேட்டனான்."

அவவே விசாவுக்காக இங்கே வந்து கலியாணம் முடித்தவ. முப்பது வருடம் போனால் எல்லாருக்கும் தன் கதை காதல் கதையாகிவிடும்.

4

இனி என் மடைத்தனத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்களை இவ்வளவு பேசியாயிற்று.

ஒஸ்லோவின் குறொன்லாண்டில் மரக்கறிக்கடை ஒன்றின் பின்னறையில் மனோகரன் அண்ணை என்று ஒருவர் இருக்கிறார். விசா விண்ணப்பம், வரிப் பத்திரம், கலியாணப் பேச்சு எல்லாம் அங்கேதான். நோர்வே மொழியை நான் பேசுவேன், எழுதவும் எழுதுவேன். இருந்தும் பயத்தில் அவரிடம் போனேன். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: உங்கள் உறவு எப்படி வளர்ந்தது என்று உங்கள் சொந்தச் சொற்களில் எழுதவும். நான் எழுதிக்கொண்டு போனதை அண்ணை கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசித்தார்.

"என்ன தங்கச்சி இது? குசினி, சட்டி, கணவாய். உப்பிடி எழுதினால், சமைக்க ஆள் தேடுறா எண்டு நினைப்பினம்."

"அவர்தானே அண்ணை சமைச்சவர்."

"அது இன்னும் பிழை. வேலைக்காரன் எண்டு நினைப்பினம். காடு எழுத வேணும். வெள்ளையளுக்குக் காடுதான் காதல். காட்டுக்குள்ளை நடந்தீங்கள், தோடம்பழம் சாப்பிட்டீங்கள், மௌனமா இருந்தீங்கள். அவ்வளவும் காணும்."

வெஸ்ட்லிக்குப் பின்னால் காடு இருக்கிறது. அன்ரனும் நானும் அதற்குள் ஒரே ஒரு தரம் போனோம். ஜெனிதான் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனாள். அன்ரன் இரவல் சப்பாத்தோடு பனிச்சேற்றில் சறுக்கி விழுந்து, எழும்பி, "இதுக்குள்ளை என்னத்தைத் தேடி வந்தனாங்கள்?" என்று கேட்டார். அந்த ஒரு நாளில் எடுத்த பதினொரு படங்களை வைத்து மனோகரன் அண்ணை இரண்டு பக்கக் காவியம் எழுதினார். இயற்கையின் மடியில் எங்கள் மனங்கள் நெருங்கினவாம். ஞாயிறுதோறும் நீண்ட நடை போவோமாம். வாசிக்க எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் கையெழுத்து வைத்தேன். குசினி என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை.

5

கடிதம் வந்த அன்று பின்னேரம் ஜெனி வந்தாள். கலியாண நாளுக்கு என்று கேக் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். பாவம் பார்த்து வந்தாளோ, பாசத்தில் வந்தாளோ, இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளைகளில் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். தமிழில் சமையல், சண்டை, சாமி மூன்றும் பேசுவாள். மற்றதெல்லாம் நோர்வே மொழிதான்.

அவள் வந்ததுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அன்ரனின் பழைய வக்கீலிடமிருந்து நேர்காணல் அறிக்கையை மத்தியானமே கேட்டு எடுத்திருந்தேன். அதைத் தனியாக வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. மேசையில் கேக்கை வைத்துவிட்டு ஜெனி பக்கம் பக்கமாகத் தட்டினாள். பதினாலாம் பக்கத்தில் நின்றாள்.

"மம்மா, இஞ்சை இருக்கு." வாசித்து, வசனம் வசனமாகத் தமிழில் சொன்னாள்.

கேள்வி: வார இறுதியில் எங்கே போகிறீர்கள்? பதில்: மச்சாள் றீற்றாவின் வீட்டுக்கு. இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர், மச்சாள் என்றால் அத்தை மகள் என்று விளக்குகிறார். கேள்வி: அத்தை மகளா? பதில்: ஓம், ஓம். ஒவ்வொரு ஞாயிறும். பூசை முடிந்ததும். அங்கே எது எங்கே இருக்கிறது என்று எல்லாம் எனக்குத் தெரியும்.

 அன்ரன் வாய் தவறிச் சொல்லியிருப்பார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இது தவறிய வாய் இல்லை. ஓம் ஓம் என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறார். பிறகு பக்கத்துக்குப் பக்கம் ஒப்பமும் வைத்திருக்கிறார். அந்த நேரம் எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை எழுத இந்தத் தாள் காணாது.

ஜெனி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இருந்தாள்.

"இது சரியான பதில் இல்லையே. அத்தை மகளா எண்டு கேட்டா, ஒவ்வொரு ஞாயிறும் எண்டு ஆராவது சொல்லுவினமா? ஞாயிறு மட்டும்தானா அத்தை மகள்? திங்கக்கிழமை யார்?" என்றாள். பிறகு தனக்குள் அந்த நோர்வேச் சொல்லை மூலத்தில் இருந்தபடி மெதுவாக வாசித்தாள். "குசீனெ. ஒவ்வொரு ஞாயிறும். குசீனெ. எது எங்கே இருக்கிறது எண்டு எல்லாம் தெரியும்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம்.

இந்த மொழியில் அத்தை மகள், மாமா மகள், சித்தி மகள் எல்லோருக்கும் ஒரே பெயர். குசீனெ. யாழ்ப்பாணத்தானின் காதுக்கு அது என்னவாகக் கேட்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உடனே அன்ரனுக்குத் தொலைபேசி அடித்தேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். வாயில் பாணோடு எடுத்தார். கலியாண நாள் வாழ்த்துச் சொல்ல எடுத்தேன் என்று நினைத்து முகத்தைத் துடைத்தார்.

"வாழ்த்தைப் பிறகு சொல்லுங்கோ. நேர்காணலிலை கேள்வி கேட்ட மனுசி உங்களிட்டை என்னைப் பற்றி என்ன கேட்டவ?"

கொஞ்சம் யோசித்தார். "நல்ல மனுசியப்பா அவ. மற்றதெல்லாம் உறுக்கி உறுக்கித்தான் கேட்டவ. உம்மட வீட்டுக்குப் போறனான் எண்டு சொன்னவுடனை என்ரை முகத்தைப் பாத்து, தமிழிலையே, குசினி? எண்டு கேட்டவ. எனக்குச் சந்தோசமாப் போச்சு. ஓம் ஓம், ஒவ்வொரு ஞாயிறும் எண்டு சொன்னனான்."

"அவவுக்கு எப்பிடித் தமிழ் தெரியும்?"

"எங்கட ஆக்களோடை பழகியிருப்பா எண்டு நினைச்சன்."

"அதை மொழிபெயர்த்தவர் ஆர்?"

"ஃபோனிலை ஒரு இந்தியாக்காரத் தம்பி. மச்சாள்னா அத்தை பொண்ணா சார் எண்டு கேட்டவர். ஓம், அப்பிடியும் வரும் எண்டு சொன்னனான். வரும்தானே?"

வரும்தான். அந்தத் தம்பியின் ஊரில் குசினியைக் கிச்சன் என்பார்கள் போலிருக்கிறது. அவர் மொழிபெயர்க்க முன்னமே அன்ரன் ஓம் என்றதால், அந்த நோர்வேச் சொல் அன்ரனுக்குத் தெரியும் என்றுதான் அவர் நினைத்திருப்பார். முடிவில் அறிக்கையைத் திருப்பி வாசித்துக் காட்டும்போதும் அந்தச் சொல் வந்திருக்கும், அன்ரனும் திரும்ப ஓம் என்றிருப்பார். எங்கள் ஆட்களுக்கு, ஆமாம் என்கிற இந்த ஓம் ஒரு வியாதி. விளங்கினாலும் ஓம், விளங்காவிட்டாலும் ஓம், மறுத்துச் சொன்னால் எதிரில் இருக்கிற ஆளின் மனம் நோகுமே என்றும் ஓம்.

"இண்டையிலை இருந்து நீங்கள் ஓம் எண்ட சொல்லைச் சொல்லக் கூடாது" என்றேன்.

"ஓம்" என்றார்.

ஜெனி கேக்குக்கு முன்னால் குனிந்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அவள் என் வீட்டில் அப்படிச் சிரித்து வருடக் கணக்காகிவிட்டது. நானும் சிரித்தேன். சிரித்த சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது. ஒரு சொல்லுக்காக ஒரு மனுசனை எனக்கு இல்லாமல் பண்ணிவிடுவார்களோ என்று பயந்து அழுதேன்.

6

மூன்று பக்கப் பதிலை ஜெனி எழுதினாள். பிலோ அக்கா கோயிலுக்கு ஓடி, எங்கள் இருவரின் தாய் தகப்பனுடைய ஞானஸ்நானப் பதிவுகளையும் மூன்று ஓலை வாசித்ததற்கான சுவாமியின் கடிதத்தையும் எடுத்து அனுப்பினா. எல்லாவற்றையும் கொடுத்தோம். ஐந்து கிழமை கழித்துக் கந்தோரிலிருந்து கூப்பிட்டார்கள். எனக்கும் அன்ரனுக்கும் ஒரே நாளில் தனித்தனி விசாரணை. எனக்கு ஒஸ்லோவில், அவருக்குக் கொழும்பில், வீடியோவில்.

என்னை விசாரித்தது முப்பது வயதுகூட இராத ஒரு பெட்டை. கம்பளிச் சட்டை, மேசையில் தண்ணீர்ப் போத்தல். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டாள். போதுமம்மா, ஒருவர் செய்ததே போதும் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, வேண்டாம் என்றேன்.

"பதிவுகளைப் பார்த்தோம். உறவு பற்றிய விளக்கம் நம்பக்கூடியதாக இருக்கிறது" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. அவள் முடிக்கவில்லை. "ஆனால் ஒரு கேள்வி. ஒவ்வொரு ஞாயிறும் சமையலறையில் இருந்ததாக இப்போது சொல்கிறீர்கள். உங்கள் விண்ணப்பத்தில் சமையலறையே இல்லை. ஞாயிறுதோறும் காட்டில் நடந்ததாக இருக்கிறது."

மனோகரன் அண்ணையின் காடு மேசையில் கிடந்தது. பதினொரு படங்கள். எல்லாவற்றிலும் அன்ரன் ஒரே சப்பாத்து, ஒரே தொப்பி, ஒரே சேறு. இவ்வளவு நாளும் கந்தோரைப் பார்த்து, மொழிபெயர்த்த தம்பியைப் பார்த்து, ஸ்ரெல்லா அக்காவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேனே. அன்ரன் தெரியாமல் என்றாலும் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். தெரிந்து பொய்க்கு ஒப்பம் வைத்தவள் நான். எனக்கு அப்போது வந்தது வெட்கம், பச்சை வெட்கம்.

"காடு பொய்" என்றேன். "ஒருநாள் போனோம். அவர் விழுந்தார். குசினி என்று எழுத வெட்கமாக இருந்தது. அதனால் உங்களுக்குப் பிடிக்கும் என்று காடு எழுதினோம்."

அவள் எழுதுவதை நிற்பாட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். முடிந்தது என்று நினைத்தேன்.

"எனக்குக் காட்டில் நடக்கப் பிடிக்காது" என்றாள். "சரி, சமையலறையைப் பற்றிச் சொல்லுங்கள்."

சொன்னேன். கருகின சட்டியிலிருந்து தொடங்கினேன். துருவலை, முதுகு, ‘அதுக்கு?’, அடுத்த ஞாயிறு. அவள் இடையில் குறுக்கிட்டுக் கேட்டது முழுவதும் சாமான்கள். மிளகாய்த்தூள் எங்கே? பெரிய சட்டி எங்கே? எந்த அடுப்பு மெதுவாகச் சூடேறும்? எனக்கு விளங்கிவிட்டது. இதே கேள்விகளைக் கொழும்பில் அன்ரனிடமும் கேட்கிறார்கள். அவர் போய் ஒன்றரை வருடமாகப் போகிறது. ஒரு பேணியை நான் இடம் மாற்றியிருந்தாலும் இரண்டு பதிலும் இரண்டு விதமாக வரும்.

கடைசியாகக் கேட்டாள். "அந்தச் சமையலறையில் பழுதான பொருள் ஏதாவது உண்டா?"

"மூன்றாவது லாச்சி. பிடி கழன்று விழும்."

"இன்னுமா? திருத்தவில்லையா?"

"இல்லை."

"ஏன்?"

ஆணி யன்னல் கரையில்தான் கிடக்கிறது. ஐந்து நிமிட வேலை. ஜெனி இரண்டு தரம் திருத்த வந்தாள், விடவில்லை. அந்தக் குசினியில் அவர் வைத்துவிட்டுப் போன ஒரு கரண்டியைக்கூட நான் இடம் மாற்றவில்லை. மிளகாய்த்தூள் முடிந்தால் அதே பேணியில் நிரப்பி அதே தட்டில் வைப்பேன். நான் பெரிய வாய்க்காரி, எனக்கு ஏக்கம் கீக்கம் எல்லாம் கிடையாது என்று எல்லோருக்கும் சொல்லித் திரிகிறவள். 

"அவர் பூட்டித் தருகிறேன் என்று சொல்லியிருந்தார்" என்றேன்.

அவள் அதை எழுதினாள்.

7

முடிவு ஒரு வியாழக்கிழமை வந்தது. அதே மனுசி, அதே காலுறை, அதே சத்தம். இந்தமுறை நான் திறந்துவிட்டுத் தொலைபேசியை மனுசியிடமே நீட்டினேன். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து எனக்குச் சத்தமாக வாசித்தாள். விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. உறவுமுறை: கணவர்.

இவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு சொல்லைப் பிழையாகக் கேட்டுவிட்டு, அதைத் திருத்த எங்களுடைய லாச்சி வரைக்கும் திறந்து பார்த்தவர்களுக்கு என்ன நன்றி? அன்ரனின் கொழும்பு விசாரணை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனதாம். கேட்டவர்கள் களைத்து, போதும் போதும் என்ற பிறகும் மனுசன் சீரகப் பேணிக்குப் பின்னால் பெருஞ்சீரகம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

தாழ்வாரத்துக்கு வந்து அவருக்கு எடுத்தேன்.

"கிடைச்சிட்டுது" என்றேன்.

 அந்தப் பக்கம் ஒரு சேவல் மட்டும் கூவியது.

"கேக்குதோ? கிடைச்சிட்டுது. வாங்கோ. வந்து அந்த லாச்சியைப் பூட்டுங்கோ. ஒரு சட்டியும் ஊறப்போட்டிருக்கிறன்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாரோ என்று நினைத்தேன். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இப்ப நான் ஓம் எண்டு சொல்லலாமோ?"